லாரி யார்டை ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வரையுங்கள்

இரவு 2 மணி. மழை தூறிக்கொண்டிருக்கிறது. நாக்பூரில் லோடு ஏற்றிய நாற்பதடி டிரெய்லர் ஒன்று உங்கள் யார்டு வாசலுக்கு முதன்முறையாக வந்து நிற்கிறது. கூட கிளீனர் இல்லை, டிரைவர் மட்டும்தான். தமிழ் தெரியாது, தூக்கத்தில் கண் எரிகிறது. அவருக்குத் தெரிய வேண்டியது நான்கு விஷயங்கள்: எந்தப் பக்கம் போவது, எங்கே நிறுத்துவது, எங்கே குளிப்பது, விடிந்ததும் எப்படி வெளியேறுவது. யாரையும் எழுப்பாமல், வண்டியை விட்டு இறங்காமல் இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் அது நல்ல யார்டு. கிடைக்கவில்லை என்றால், எத்தனை கோடி செலவழித்திருந்தாலும் அது சுவர் கட்டிய காலி மனைதான்.

லாரி நிறுத்தம் அமைக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கலாம். நீங்கள் இளம் சிவில் இன்ஜினீயராக இருக்கலாம், டிரான்ஸ்போர்ட் அலுவலக மேலாளராக இருக்கலாம், நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த 2 மணி டிரைவரை மனதில் வைத்துக்கொண்டு வரையத் தொடங்குங்கள். பகலில், தெரிந்த வழியில், காலி வண்டியோடு வருகிறவருக்கு எந்த யார்டும் சரியாகத்தான் இருக்கும்.

இது ஏன் உயிர் சம்பந்தப்பட்டது

நிறுத்த இடமில்லாத லாரி சாலை ஓரத்தில் நிற்கும். இருட்டில் நிற்கும் லாரியின் பின்னால் காரோ வேனோ வந்து மோதிய செய்தியைப் படிக்காத மாதம் நமக்கு இல்லை. டிரைவரின் உயிருக்கும் சாலை ஓரத்தில் பாதுகாப்பு கிடையாது. அமெரிக்காவில் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர் 2009 மார்ச்சில் தென் கரோலினாவில் லோடு இறக்க வேண்டிய இடத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். உள்ளே நிறுத்த வழியில்லாமல், கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையனுக்குக் கிடைத்தது 7 டாலர். அவருடைய மனைவி விடாமல் போராடியதில், லாரி நிறுத்தங்களுக்கு அரசு நிதி ஒதுக்க வழிசெய்யும் பிரிவு 2012-இல் சட்டமானது. இன்றும் அதை ‘ஜேசன் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள்.

நம் நாட்டில் 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு என்றும் எழுதிவைத்தது. அந்த ஓய்வை எங்கே எடுப்பது? எழுதிய ஓய்வு நடைமுறைக்கு வர, தரையில் அதற்கு இடம் வேண்டும். நீங்கள் வரையப்போவது அந்த இடத்தை.

முதலில் வண்டியை அளந்துகொள்ளுங்கள்

காகிதத்தில் கோடு போடும் முன் டேப்போடு போய் நான்கைந்து வண்டிகளை அளந்து பாருங்கள். நாற்பதடி கண்டெய்னர் மட்டும் 12.19 மீட்டர் நீளம். இழுக்கும் முன்பகுதியையும் சேர்த்தால் மூக்கிலிருந்து வால்வரை 16 மீட்டரைச் சுற்றி வரும். உடல் அகலம் ஏறத்தாழ 2.6 மீட்டர். இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் 3 மீட்டரை எட்டும். உயரக் கண்டெய்னர் ஏற்றியிருந்தால் தரையிலிருந்து உச்சி 4.5 மீட்டரை நெருங்கும். எடையும் சாதாரணமானதில்லை. 2018-இல் அச்சுச் சுமை வரம்பை உயர்த்திய பிறகு, பெரிய டிரெய்லர் சரக்கோடு 55 டன் வரை சட்டப்படியே ஓடலாம்.

இதிலிருந்து அடிப்படை அளவுகள் வந்துவிடும். ஒரு வண்டி நிற்கும் கட்டத்துக்கு 4 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். மூன்றரை மீட்டரிலும் வண்டி நுழையும். ஆனால் இரண்டு வண்டிக்கும் நடுவே மிஞ்சும் 90 சென்டிமீட்டரில் கதவு பாதிதான் திறக்கும். தார்ப்பாய் கயிற்றை இழுத்துக் கட்டவோ, டயரைத் தட்டிப் பார்க்கவோ ஆள் நுழைய முடியாது. அந்த அரை மீட்டரை மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு கண்ணாடி உடைந்த தகராறில் அதைச் செலவழிக்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு வரும் வண்டி எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, எண்ணூர் பக்கம் என்றால் கண்டெய்னர் டிரெய்லர். நாமக்கல், சங்ககிரி பக்கம் என்றால் பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம், பதினாறு சக்கரம் எல்லாம் கலந்து நிற்கும். கயத்தாறு, முப்பந்தல் போகும் வழியில் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள வண்டியும் வரும். அதற்கு எந்தக் கட்டத்திலும் இடமிருக்காது. ஓரமாக, வளைவே இல்லாமல், நீளவாக்கில் ஒரு பட்டையை அதற்காக விட்டுவைக்க வேண்டும். பெட்ரோல், கேஸ், ரசாயன டேங்கர்களுக்கு மற்ற வண்டிகளிலிருந்தும் சமையல் இடத்திலிருந்தும் தள்ளித் தனி மூலை வேண்டும்.

வலது கைப் பக்கம் என்னும் அரிச்சுவடி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு துறைமுக ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த யார்டில் வேலை பார்த்தேன். திறந்து ஆறே மாதத்தில் ஒரே விளக்குக் கம்பத்தில் மூன்று வண்டிகள் இடித்துவிட்டன. ‘டிரைவர்களுக்குப் பொறுப்பே இல்லை’ என்று நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். சங்ககிரிக்காரர் ஒருவர், முப்பது வருடம் வண்டி ஓட்டியவர், அலுவலக வாசலில் வந்து நின்றார்.

“சார், எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து என் சீட்ல உக்காருங்க.”

ஏறி உட்கார்ந்தேன். அவர் படியில் நின்றபடி உள்ளே கை நீட்டி ஸ்டியரிங்கைத் தொட்டுக் காட்டினார். வண்டி இடது பக்கமாகப் பின்னால் மடங்கிய நிலையில் நின்றிருந்தது. இடது கண்ணாடியில் கண்டெய்னரின் நீலத் தகரம் மட்டும் தெரிந்தது. வலது கண்ணாடியில் காலித் தரையும் வானமும்.

“இப்ப பின் டயர் எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.”

எனக்குத் தெரியவில்லை. கம்பம் எங்கே என்றும் தெரியவில்லை. அறிக்கையை அன்று மாலையே கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வலது பக்கமாக வண்டி ஓட்டும் நாட்டின் வரைபடத்தைப் பார்த்து அந்த யார்டை அமைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார். அதனால் நிறுத்தும் கட்டங்கள் அவருக்கு இடது பக்கம் வரும்படி வரைந்திருந்தார்கள். நம் டிரைவர் உட்காருவது வலது பக்கம். அந்தப் படத்தை யாரும் திருப்பிப் போடவில்லை. அவ்வளவுதான் தவறு. விளைவு, ஒவ்வொரு டிரைவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்திருக்கிறார்.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது காரை எடுப்பது போலில்லை. டிரெய்லரின் வால் வலது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை முதலில் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். வால் மடங்க மடங்க, மடங்கும் பக்கத்துக் கண்ணாடி பயனில்லாமல் போய்விடும். மடங்குவது வலது பக்கம் என்றால் கவலையில்லை. ஜன்னலில் தலையை நீட்டிப் பின் டயரையும் கோட்டையும் நேரில் பார்க்கலாம். இடது பக்கம் மடங்கினால் எட்டிப் பார்க்க வழியே இல்லை. முன்பெல்லாம் கிளீனர் கீழே இறங்கி, வண்டியின் பக்கத்தைத் தட்டித் தட்டி “வரட்டும், வரட்டும்... நில்லு!” என்று குரல் கொடுப்பார். இன்று தனியாக வரும் டிரைவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் குரலின் வேலையையும் உங்கள் வரைபடம்தான் செய்ய வேண்டும்.

ஆக, விதி எளிது: டிரைவர் கடந்து போகும்போது, அவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய கட்டம் அவருடைய வலது கைப் பக்கம் இருக்க வேண்டும்.

இதை எப்படி அமைப்பது? கோயிலை வலம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். வலம் வரும்போது கருவறை எப்போதும் நம் வலப்பக்கம் இருக்கும். யார்டிலும் கட்டங்களை நடுவில், முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசையாக வையுங்கள். வண்டிகள் ஒருவழிப் பாதையில் அவற்றை வலம் வரட்டும். இதில் மூன்று லாபம். ஒன்று, கட்டம் டிரைவரின் கண் பக்கம் வருகிறது. இரண்டு, மூலைகளில் எல்லாம் வலது திருப்பம்தான் வருகிறது. திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அது வலது பக்கம் வெட்டினால் டிரைவரால் பார்க்க முடியும். மூன்று, நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் யார்டு இருந்தால், முதல் வாசலில் இடது திரும்பி நுழைந்து, உள்ளே வலம் வந்து, அடுத்த வாசலில் இடது திரும்பி வெளியேறிவிடலாம். எதிரே வரும் வண்டியின் குறுக்கே ஒரு முறைகூடப் போக வேண்டியதில்லை.

நிலத்தின் அமைப்பால் கட்டங்களைச் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் சுற்றும் திசையை மாற்றி, இடமாகச் சுற்ற விடுங்கள். அப்போது சுவர் வரிசை வலது பக்கம் வந்துவிடும். ஆனால் மூலைகள் இடது திருப்பமாகிவிடும். அந்த உள்மூலைகளில் கம்பம், கல், சாக்கடை மூடி எதுவும் இல்லாமல் தாராளமாக விட வேண்டும்.

நேராகவா, சாய்வாகவா: ஒரு சின்னக் கணக்கு

‘நேராக நிறுத்தினால் நிறைய வண்டி நிற்கும்’ என்று முதலாளி சொல்வார். 100 மீட்டர் வரிசையில் 90 டிகிரியில் 25 வண்டி நிற்கும். 60 டிகிரி சாய்வில் 21, 45 டிகிரியில் 17. இதைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

ஆனால் வண்டி நுழைந்து திரும்பும் பாதையையும் நிலத்தில்தானே கொடுக்கிறோம்? நேராக நிறுத்த, கட்டத்துக்கு 20 மீட்டர், அதன் முன்னால் திரும்ப இன்னொரு 20 மீட்டர் வேண்டும். பின்சுவரிலிருந்து வண்டி நீளத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பது களத்தில் கைகொடுக்கும் கணக்கு. சாய்வாக வைத்தால் கட்டத்தின் ஆழமும் குறையும், பாதையும் குறையும். 60 டிகிரியில் ஆழம் 19.3 மீட்டர், பாதை சுமார் 16. 45 டிகிரியில் ஆழம் 17 மீட்டர், பாதை சுமார் 13.

பாதையையும் சேர்த்து ஒரு வண்டிக்கு ஆகும் நிலத்தைப் பெருக்கிப் பாருங்கள். 90 டிகிரியில் 160 சதுர மீட்டர். 60 டிகிரியில் 163. 45 டிகிரியில் 170. ஒரு ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். வாசல், குளியலறை எல்லாம் கழிப்பதற்கு முன் 90 டிகிரியிலும் 60 டிகிரியிலும் ஏறத்தாழ 25 வண்டி, 45 டிகிரியில் 24. முதலாளி பயந்த இழப்பு ஏக்கருக்கு ஒரே ஒரு வண்டி. அதற்குக் கிடைப்பது ஒவ்வொரு வண்டியும் பாதி ஒடிப்பில் உள்ளே போகும் வசதி. நான் பெரும்பாலும் 60 டிகிரியைத் தேர்ந்தெடுப்பேன். சாய்வு வரிசையின் இரண்டு முனையிலும் முக்கோணமாக மிஞ்சும் இடத்தில் விளக்குக் கம்பம், மரம், குப்பைத் தொட்டி, தீயணைப்பு மணல் வாளி எல்லாம் வைத்துவிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சாய்வுக் கோட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது? கோடு போடும் பெயிண்டர் கார் நிறுத்தத்துக்குப் போட்டுப் பழகியவர். கார் மூக்கை முன்னால் விட்டு நுழையும். டிரெய்லர் வாலை விட்டு நுழையும். எனவே லாரிக் கட்டத்தின் சாய்வு கார் கட்டத்துக்கு நேர் எதிராக இருக்க வேண்டும். நிறுத்திய வண்டியின் மூக்கு, பாதையில் வண்டிகள் ஓடும் திசையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் சரி. தலைகீழாகப் போட்டுவிட்டால் டிரைவர் முழுவதுமாகச் சுழற்றி எடுக்க வேண்டிவரும். கோடு போடும் நாளில் நீங்கள் அங்கேயே நில்லுங்கள்.

நிலம் போதிய அளவு இருந்தால், சில கட்டங்களையாவது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும்படி விட்டுவிடுங்கள். பின்னிரவில் வருபவர்களுக்கும் புதிய டிரைவர்களுக்கும் அவற்றை ஒதுக்குங்கள். ரிவர்ஸே எடுக்காத இடத்தில் ரிவர்ஸ் விபத்தும் கிடையாது.

வாசல்

வாசலில்தான் முதல் தவறு நடக்கும். கேட்டைச் சாலையை ஒட்டி வைத்துவிடுவார்கள். வாட்ச்மேன் நோட்டில் எண் எழுதி முடிக்கும்வரை 16 மீட்டர் வண்டி நெடுஞ்சாலையிலேயே வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். கேட்டை 40 மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். இரண்டு டிரெய்லர் வரிசையில் நின்றாலும் சாலையில் எதுவும் நீட்டாது.

உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. வாசல் வளைவு, பெயர்ப்பலகை, மின்கம்பி, கேமரா கம்பம் எல்லாமே 5.5 மீட்டருக்கு மேலே. நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு வைக்கும் உயரம் அது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தவறாக நுழைந்துவிட்ட வண்டியோ, இடமில்லை என்று சொல்லப்பட்ட வண்டியோ ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பிப் போக, கேட்டுக்கு முன்பாகவே ஒரு சுற்றுப்பாதை வேண்டும். எத்தனை இடம் காலி என்பதைச் சாலையிலிருந்தே படிக்கும்படி எழுதிவைத்தால் அந்தச் சிக்கலே பாதி குறையும்.

தரை

வெயிலில் தார் இளகும். 55 டன் வண்டி ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நின்றால் டயர் பதிந்த குழி விழும். சிந்தும் டீசல் தாரையே கரைக்கும். அதனால் ஓடும் பாதை தாராக இருந்தாலும், நிற்கும் கட்டம் கான்கிரீட்டாக இருக்கட்டும். பணம் போதாது என்றால் சக்கரம் நிற்கும் பகுதிக்கும், டிரெய்லரைத் தனியாகக் கழற்றி விடும்போது அதன் இரும்புக் கால் ஊன்றும் பகுதிக்கும் மட்டுமாவது கான்கிரீட் பட்டை போடுங்கள். அந்தக் காலின் தட்டு மிகச் சிறியது. சரக்கு டிரெய்லரின் முன்பாரம் முழுவதும் அதில் இறங்கும். இளகிய தரையில் அது புதைந்தால் டிரெய்லர் சாயும்.

ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துச் சரிவு கொடுங்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை போதும். அதுவும் வண்டியின் நீளவாக்கில் கொடுங்கள். குறுக்குவாக்கில் கொடுத்தால் உயரமாக லோடு ஏற்றிய வண்டி ஒருக்களித்து நிற்கும், கேபினில் தூங்குபவரும் ஒருக்களித்துத்தான் தூங்க வேண்டும். மழைநீர் ஊர் ஏரிக்கு ஓடும் முன் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகப் போகட்டும்.

எண், எழுத்து, வெளிச்சம்

தரையில் எழுதிய எண்ணை மழையிலும் சேற்றிலும் யாராலும் படிக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் டிரைவரின் கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து இரண்டரை மீட்டரில், முகப்பு விளக்கு பட்டால் மின்னும் பலகையில் எழுதுங்கள். யார்டு முழுவதும் ஒரே தொடர் எண். எண்ணைப் பஞ்சாபிலிருந்து வருபவரும் படிப்பார், கேரளத்திலிருந்து வருபவரும் படிப்பார். குளியலறை, தண்ணீர், சாப்பாடு, வெளியேறும் வழி ஆகியவற்றுக்குப் படமும் அம்புக்குறியும் போதும்.

விளக்கை உயரத்தில் வையுங்கள். தாழ்வாக வைத்தால் இரண்டு கண்டெய்னர்களுக்கு நடுவே இருட்டுச் சந்து உருவாகும். டீசல் உறிஞ்சுகிறவனும் பேட்டரி கழற்றுகிறவனும் அந்தச் சந்தில்தான் வேலை பார்ப்பான். அதே விளக்கு கேபின் கண்ணாடியில் நேராக அடித்தால் டிரைவரால் தூங்க முடியாது. கம்பத்தை வண்டிகளின் பின்பக்கமிருந்து ஒளி விழும்படி, வரிசையின் முனையில் நிறுத்துங்கள். கட்டங்களுக்கு நடுவில் எந்தக் கம்பமும் வேண்டாம். மூன்று வண்டிகள் எனக்கு நடத்திய பாடம் அது.

டிரைவருக்கான இடம்

கோடை மதியத்தில் எந்த யார்டுக்கும் போய்ப் பாருங்கள். டிரெய்லருக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, துண்டை விரித்து யாராவது படுத்திருப்பார். அங்கேதான் நிழல் இருக்கிறது, காற்றும் வருகிறது. கீழே ஆள் இருப்பது தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டால் நடப்பதை எழுதக் கை வரவில்லை. ‘வண்டிக்கு அடியில் படுக்காதே’ என்று பலகை வைப்பது வடிவமைப்பு ஆகாது. அதைவிட நல்ல நிழலையும் காற்றையும் ஐம்பதடி தள்ளிக் கொடுப்பதுதான் வடிவமைப்பு. ஓலையோ தகரமோ வேய்ந்த, பக்கம் திறந்த கொட்டகை, மின்விசிறி, கட்டில், செல்போன் சார்ஜ் போட ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பிளக் பாயின்ட். தன் வண்டி கண்ணில் படும்படி கட்டில் இருந்தால்தான் டிரைவர் நிம்மதியாகத் தூங்குவார், அதனால் வண்டிப் பக்கம் சுவர் எழுப்பாதீர்கள். ஓரங்களில் வேம்பும் புங்கையும் நடுங்கள். கண்டெய்னர் உரசாதபடி ஐந்து மீட்டருக்குக் கீழ் கிளை இல்லாமல் கழித்துவிடுங்கள்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் நிற்கும் வண்டியில் ஏசிக்காக எஞ்சின் ஓடினால் டீசலும் வீண், பக்கத்து வண்டிக்காரருக்குத் தூக்கமும் வீண். நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகை இன்னும் பல வருடங்களுக்குத் தேவைப்படும்.

குளிக்க நான்கு குழாயும் ஒரு தொட்டியும் கொண்ட திறந்த இடம், துணி துவைக்கக் கல், காயவைக்கக் கம்பி. கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. பெண்களுக்குத் தனியாக ஒன்று, இன்று யாரும் வராவிட்டாலும். நம் டிரைவர்களில் பலர் ஸ்டவ்வும் அரிசியும் கூடவே கொண்டு வருவார்கள். டீசல் டேங்க் பக்கத்தில் அவர்கள் அடுப்பு மூட்டுவதைத் தடுக்க வேண்டுமானால், சிமென்ட் மேடையும் தண்ணீர்க் குழாயும் உள்ள சமையல் கொட்டகை ஒன்று கட்டிக்கொடுங்கள். மத்திய பெட்ரோலிய அமைச்சகம் எண்ணெய் நிறுவனங்களின் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் லாரி டிரைவர்களுக்கான ஓய்விடங்களை நடத்துகிறது. உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கான்கிரீட் ஊற்றும் முன் ஒரு நாள் ஒத்திகை

வரைபடம் முடிந்ததும் நேராக ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காதீர்கள். காலி நிலத்தில் சுண்ணாம்புப் பொடியால் நான்கு கட்டங்களை நிஜ அளவில் வரையுங்கள். கம்பம், சுவர் வரும் இடங்களில் காலி டிரம்களை நிறுத்துங்கள். நாற்பதடி டிரெய்லர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்குக் கூப்பிடுங்கள். அனுபவமுள்ள டிரைவர் ஒருவர், வண்டிக்கு வந்து ஓராண்டு ஆன டிரைவர் ஒருவர், இருவரையும் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். வலது, இடது எதுவும் சொல்லாதீர்கள்.

நீங்கள் எண்ண வேண்டியது ஒன்றுதான்: கட்டத்துக்குள் போக எத்தனை முறை முன்னால் எடுத்து மறுபடி பின்னால் வருகிறார்கள்? ஒரு முறை என்றால் நல்ல வடிவம். இரண்டு என்றால் பரவாயில்லை. இளைய டிரைவருக்கு மூன்று முறைக்கு மேல் ஆனால் பாதையை அகலப்படுத்துங்கள் அல்லது சாய்வைக் கூட்டுங்கள். சக்கரத் தடம் சுண்ணாம்பில் எங்கெங்கே பதிகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்மூலை எவ்வளவு தேவை என்பதை அந்தத் தடமே சொல்லிவிடும். இருட்டிய பிறகு இதையே இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு நாள் வாடகையும் இரண்டு பேர் சம்பளமும் தவிர இதற்குச் செலவில்லை.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது

இளம் இன்ஜினீயர்களுக்கு இது முக்கியம். ‘டிரைவர்கள் பாவம்’ என்று தொடங்காதீர்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் அது நிற்காது. மேலே போட்ட சதுர மீட்டர் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். ஒரு வண்டி உள்ளே போகப் பத்து நிமிடம் எடுத்தால் பின்னால் எத்தனை வண்டி காத்திருக்கும் என்று கேளுங்கள். உடைந்த கண்ணாடி, வளைந்த கம்பம், கிழிந்த டயர் ஆகியவற்றின் பில்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். டிரைவர்கள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்ளும் ஒரு வார்த்தை எந்த விளம்பரத்தையும் விட வேகமாகப் போகும் என்பதை அவருக்கே தெரிந்த உதாரணத்தோடு சொல்லுங்கள். முடிந்தால் அவரை ஒத்திகை நாளுக்கு அழைத்து, கேபினில் ஏற்றி உட்காரவையுங்கள். நான் அங்கே கற்றுக்கொண்டதை அவரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்.

திறந்த பிறகு

திறந்து ஒரு மாதம் ஆனதும், அதிகாலையில் யார்டை நடந்தே சுற்றுங்கள். கையில் வரைபடமும் ஒரு சிவப்புப் பேனாவும் இருக்கட்டும். எந்தத் தடுப்புக் கல்லின் விளிம்பு உடைந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் நீலமோ பச்சையோ பெயிண்ட் ஒட்டியிருக்கிறது, டயர் தடம் எந்தக் கோட்டைத் தாண்டிப் போகிறது, எந்தக் கட்டம் எப்போதும் கடைசியில்தான் நிரம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவில் வந்து விடிவதற்குள் போய்விடும் டிரைவர் உங்கள் அலுவலகம் திறக்கும்வரை காத்திருந்து புகார் எழுதிக் கொடுக்க மாட்டார். அவர் சொல்ல வேண்டியதை அந்தக் கல்லிலும் கம்பத்திலும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சிவப்பு விழுந்த இடத்தில் கோட்டை அழித்து மறுபடி வரையுங்கள். அடுத்த மாதம் மறுபடி நடங்கள்.